படகுக்கு வைத்த பெயர்

அல்லி முழுக்கைச் சட்டையை முழங்கைக்கு மேலே சுருட்டிவிட்டு, நீல பெயின்ட் டப்பாவைத் திறந்தாள்.

கிளிஞ்சல்மேட்டுக் கரையில் நின்ற ஆம்பளைகள் எல்லாரும் அவள் கையைப் பார்த்தார்கள். இடது கை நெடுக ஆறிப்போன தழும்புகள். பார்த்த வேகத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள்.

பார்க்கட்டும், பார்த்துத் தொலையட்டும். இந்த வெயிலில் எத்தனை நாளைக்குத்தான் மூடி வைப்பது?

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிறது. அப்பா சிவபாலனின் பைபர் படகு, வெள்ளையடித்து, பெயரில்லாமல் மொட்டையாக நின்றது. மகள் பெயரைத்தான் அதற்கு வைத்திருந்தார். சாகத் துணிந்தவள் பெயரோடு படகு கடலுக்குப் போனால் விளங்குமா என்று ஊர்க்கூட்டத்தில் பேச்சு வந்தது. மாற்று என்றார்கள். அப்பா வாயைத் திறக்காமல் தலையாட்டிவிட்டு வந்தார்.

அந்தத் தலையாட்டல்தான் அவளுக்குத் தாங்கவில்லை.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாய் அவளைப் பிடித்து வைத்திருப்பது பிரஷ்தான். மனசு இருண்டு, கை தன்மேலேயே பாயப் பார்க்கும்போதெல்லாம் பெயின்ட்டைத் திறந்துவிடுவாள். வீட்டுச் சுவரெல்லாம் வஞ்சிரமும் வவ்வால் மீனும். ஐஸ் பெட்டியில் ஒரு திருக்கை. "இனி எம் மூஞ்சி ஒன்னுதாண்டி பாக்கி" என்று அம்மா திட்டுவாள். திட்டிக்கொண்டே அடுத்த டப்பாவை வாங்கி வைப்பாள். அழுகை நின்றுவிடவில்லை. ஆனால் அழுதுகொண்டே ஒரு மீனுக்குச் செதில் போட முடிந்தது.

இன்று மீன் இல்லை, பெயர். அது இல்லாமல் படகு போனால், உயிரோடு இருக்கிறவளை ஊரே சேர்ந்து அழித்த மாதிரி. விடுவாளா?

முதல் எழுத்தை முழ உயரத்துக்கு இழுத்தாள்.

"ஏய் பொண்ணு, சாகப் போனவ பேரு போட்டுக்கு ஆவுமா?" கூட்டத்தில் முதலில் பேச்செடுத்த சோமசேகரன் பெரியப்பா கத்தினார்.

"சாகப் போனவ இல்ல பெரியப்பா, திரும்பி வந்தவ. போட்டுக்கு அதைவிட நல்ல பேரு உங்ககிட்ட இருந்தா சொல்லுங்க."

பதிலுக்குக் காத்திராமல் அல்லி அடுத்த எழுத்துக்குப் பிரஷைத் தோய்த்தாள்.

எழுதி முடித்தாள். படகுக்கு இரண்டு பக்கமும் பெயர் வேண்டும். டப்பாவைத் தூக்கிக்கொண்டு, கடலைப் பார்த்த பக்கத்துக்குச் சுற்றி வந்தாள்.

அங்கே ஏற்கெனவே எழுதியிருந்தது.

அல்லி.

பெயின்ட் இன்னும் காயவில்லை. ஒரு எழுத்து ஏறி, ஒரு எழுத்து இறங்கி, படுகோணல். கீழே மணலில் உட்கார்ந்து, மண்ணெண்ணெய்த் துணியால் விரலைத் துடைத்துக்கொண்டிருந்தார் அப்பா.

அவள் திருத்தப் போனாள்.

"கோணலாத்தான் வந்துச்சு. இருக்கட்டும், கை வெக்காத" என்றார் அப்பா. "எவன் அழிக்கச் சொல்றான்னு பாப்பம்."