போடியாரின் மண்வாசம்

வாவிக்கரையில் விளைந்த ரொபஸ்டாக் கோப்பியை வெள்ளைக்காரத் துரை உறிஞ்சுகிறார். கதவோரம் நிற்கும் சமையற்காரன் கோணாமலை கோப்பையையே பார்க்கிறான். கோப்பிக் கொட்டையை, இறால் காயப்போடும் பாயில் உலர்த்தியவன் அவன்தான். நிலச் சொந்தக்காரர் போடியாருக்குத் தெரிந்தால் வேலை இன்றோடு போகும். துரை கண்ணை மூடுகிறார். பீங்கான் கோப்பையில் வெயில் மினுங்குகிறது. “இது என்ன வாசம்?” போடியார் மீசையைத் தடவுகிறார். “எங்கட மண்ணிட குணம் துரை! மலைநாட்டில தலைகீழா நிண்டாலும் வராது.” “அபாரம்!” என்கிறார் துரை. “கவர்னருக்கு ஒரு மூட்டை வேணும்.” போடியார் பெருமையில் ஒரு சுற்றுப் பருத்துவிடுகிறார். “கேட்டியாடா கோணாமலை? இதே பக்குவம். இம்மியும் பிசகப்படாது!” “ஓம் போடியார்” என்கிறான். மேசைக்கடியில் தூங்கிய பூனை எழுந்து, மூக்கை நிமிர்த்தி, துரையின் மடியில் ஏறிக் கோப்பையை எட்டிப் பார்க்கிறது.