பக்கத்துலயே இருங்க

"எவ்வளவு நேரம்டி உள்ளயே இருப்பே? கடல் உன்னைத் தேடி கக்கூசுக்கு வராது. நீதான் போகணும்!"

கழிப்பறைக் கதவைத் தட்டினாள் தோழி ஜோவெலின். உள்ளே மெர்லிண்டா மறுபடியும் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தாள்.

"நான் வரலை. வீட்டுக்குப் போயிடலாம்."

"தாராளமா போ. அடுத்த வருஷமும் ஊர் உன்னைக் 'கால் நனைச்சவ'ன்னே கூப்பிடட்டும்."

போன வருஷம் இதே டுமகேட்டே கடற்கரையில்தான் அது நடந்தது. நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றையும் ஒரே மூச்சில் முடிக்கும் டிரையத்லானுக்குப் பெயர் கொடுத்துவிட்டு, கடலில் கால் நனைத்ததோடு திரும்பி ஓடி வந்துவிட்டாள். அன்று முதல் அவளுடைய ரொட்டிக் கடைக்கு வருகிறவர்கள், "கால் நனைச்சவளே, நாலு பன் குடு" என்றுதான் கேட்கிறார்கள். இன்றும் திரும்பினால் அந்தப் பெயர் கல்லறை வரை கூடவே வரும்.

வெளியே மைக்கில் யாரோ தொப்பி, மிதவை, படகு என்று விதிமுறைகளை விளக்கிக்கொண்டிருந்தார்கள். மெர்லிண்டாவின் காதில் தன் பல் தந்தியடிக்கும் சத்தம் மட்டுமே கேட்டது.

ஒரு வழியாக வெளியே வந்தாள். அவசரமாக இழுத்ததில் அவளுடைய வெள்ளை நீச்சல் தொப்பி கிழிந்தது.

"பாத்தியா, சகுனமே சரியில்லை!"

"சகுனமாம் சகுனம்! இரு, வரேன்" என்று ஓடிய ஜோவெலின் வேறொரு தொப்பியோடு திரும்பினாள். "தொப்பி குடுக்கிற மேஜையில யாரும் இல்லை. பெட்டிக்கு அடியில இது ஒண்ணுதான் கிடந்துச்சு. என்ன கலரா இருந்தா என்ன, தலையில ஏறினா சரி."

ஏறியது. மெர்லிண்டா கடலோரம் போய்த் தண்ணீரைத் தொட்டுச் சிலுவை போட்டுக்கொண்டாள்.

அப்போதுதான் கதவு அகலத்துக்குத் தோள் உள்ள ஓர் ஆள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு அவளிடம் வந்தார். அவள் தலையைப் பார்த்தார். முகம் மலர்ந்தது.

"அப்பாடா, இங்க இருக்கீங்களா மேடம்! என் பேரு ரெனான்டே. பக்கத்துலயே இருங்க. ரெண்டு கை தூரத்துக்கு மேல போயிடாதீங்க."

மெர்லிண்டாவுக்குப் போன உயிர் திரும்பி வந்தது. தன்னைப் போல நடுங்குகிறவர்களுக்குக் காவலுக்கு ஆள் போட்டிருக்கிறார்கள்! எவ்வளவு நல்ல ஏற்பாடு!

"கடைசி வரைக்கும் கூடவே வருவீங்கல்ல?" என்று மெல்லக் கேட்டாள்.

"பின்னே? வேற வழி?"

கடமை தவறாத மனிதர்.

ஊதல் ஒலித்தது. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பார்கள். அவள் காலை மட்டுமல்ல, மொத்த உடம்பையும் விட்டாள். கொஞ்ச தூரத்திலேயே கீழே மணல் மறைந்து தண்ணீர் கறுத்தது. பயத்தை அடக்கத் தனக்குத் தானே உரக்கச் சொல்லிக்கொண்டாள்.

"கையை நீட்டு. மூச்சை விடு. கீழ பாக்காதே. ஒண்ணும் ஆகாது."

"சரி மேடம்!" என்றது பக்கத்துக் குரல்.

பாவம், எவ்வளவு மரியாதை!

பின்னால் சளக் சளக்கென்று தண்ணீர் அடிபடும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. சுறாவோ என்னவோ. திரும்பிப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

மிதவையைச் சுற்றித் திரும்பும் இடத்தில் ஓர் அலை முகத்தில் அறைந்தது. உப்புத் தண்ணீர் தொண்டைக்குள் போனது. இருமியபடி நின்றாள். கால் தரையைத் தேடியது. தரை இல்லை. செத்தேன் என்றே நினைத்தாள்.

"நிக்காதீங்க மேடம்!" ரெனான்டே அலறினார். "நீங்க நின்னா எல்லாம் முடிஞ்சுது! போங்க, போய்க்கிட்டே இருங்க!"

அந்த அலறலில் அவளுடைய கை தானாகவே நீண்டது.

காலில் மணல் தட்டியதும் அழுதுவிட்டாள். பின்னால் பார்க்காமல் கரையேறி ஓடிச் சைக்கிளைப் பிடித்தாள். அதன் பிறகு எல்லாம் தரைதானே! வெயிலோ, மேடோ, கெண்டைக்கால் பிடிப்போ, எதுவும் பெரிதாகத் தெரியவில்லை. முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் ஜோவெலின் தொண்டை கிழியக் கத்தினாள்: "கால் நனைச்சவளே, ஓடுடி!"

ஓடினாள். முடித்தாள். கழுத்தில் பதக்கம் விழுந்தது.

கையில் கொடுத்த வாழைப்பழத்தை உரிக்கக்கூட மறந்து அவள் ரெனான்டேயைத் தேடினாள். அந்த மனிதர் மட்டும் இல்லையென்றால் இன்று கடலோடு போயிருப்பாள். காலில் விழுந்தாவது நன்றி சொல்ல வேண்டும்.

அவரே மனைவியோடு வந்தார். அவர் கழுத்திலும் அதே பதக்கம். காவலருக்கு எதற்குப் பதக்கம்?

"மேடம், உங்களோட ஒரு போட்டோ எடுத்துக்கணும்! நான் கடல்ல நீந்தினேன்னா இவ நம்ப மாட்டேங்கறா. நான் நீச்சல் பழகினதே இந்த வருஷம்தான். 'பயமா இருக்கிறவங்க ஆரஞ்சுத் தொப்பிக்காரங்க பக்கத்துலயே போங்க, அவங்கதான் காவலுக்கு வர்றவங்க'ன்னு மைக்ல சொன்னாங்கல்ல? அதான் உங்களைக் கெட்டியா பிடிச்சுக்கிட்டேன்."

மெர்லிண்டாவின் கை தானாகத் தலையைத் தடவியது. தொப்பி சைக்கிள் பக்கத்திலேயே கிடந்தது, ஆரஞ்சு நிறத்தில்.

அவள் வாயைத் திறப்பதற்குள் ரெனான்டே திரும்பிக் கை தட்டினார். "எல்லாரும் வாங்க! நம்மைக் கரை சேத்த மேடம் இவங்கதான்!"

வெள்ளைத் தொப்பியைக் கையில் பிடித்தபடி ஏழு பேர் அவளை நோக்கி ஓடி வந்தார்கள். அன்று காலையிலிருந்து பயந்ததெல்லாம் ஒன்றுமில்லை, இப்போதுதான் மெர்லிண்டாவுக்கு நிஜமான பயமே வந்தது.