தீவுக்கு நாலு வரி

நோயல் எதற்குப் பெட்டி வாங்கினான்? நான் கேட்டேனா?

காலையிலிருந்து எலிசபெத் இதையே நினைத்துக்கொண்டிருந்தாள். கட்டிலுக்கு அடியில் நீல நிறத்தில் புதுப் பெட்டி, அதற்குள் இரண்டு கம்பளிச் சட்டைகள். போதாததற்கு, இவள் வெளிநாடு போகிறாள் என்று கணவன் நோயல் அவர்கள் குடியிருக்கும் ஆஸ்டின் டவுனில் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லி வைத்திருந்தான்.

"ஏம்மா, இன்னுமா யோசனை?" என்றார் நிர்வாக மேலாளர் குணசேகர். மேஜைமேல் ஒரு கடிதம் இருந்தது. பக்கத்தில் விரல் நீளத்துக்கு ஒரு கண்ணாடிக் குப்பி.

ஸ்காட்லாந்தின் மேற்குக் கடலில் ஒரு சின்னத் தீவு. அங்கே இருக்கும் பழைய விஸ்கி டிஸ்டில்லரியிலிருந்து வந்த கடிதம் அது. ஆனேக்கல் ரோட்டில் இருக்கும் இவர்கள் கம்பெனியும் சிங்கிள் மால்ட் விஸ்கி செய்வதால், ஒருவரை ஒரு வருடம் தங்கி வேலை கற்றுக்கொள்ளக் கூப்பிட்டிருந்தார்கள்.

திரும்பி வருகிறவர்தான் இங்கே தலைமை பிளெண்டர், எந்தப் பீப்பாயை எதோடு கலப்பது என்று மோந்து பார்த்து முடிவு செய்கிறவர். தங்கவயலிலிருந்து விடிகாலை ரயில் பிடித்து வந்து, ஆய்வுக்கூடத்தில் பாட்டில் கழுவத் தொடங்கிய எலிசபெத் அந்த நாற்காலிக்காகப் பதினாறு வருடம் காத்திருந்தாள்.

"விஜி பத்தாவது படிக்கிறா சார்."

"அவங்கப்பா பாத்துப்பாரு. என் பொண்ணு பிரசவத்துக்குன்னு எங்க வீட்டம்மா ஆறு மாசம் சிகாகோ போனாளே, நான் செத்தா போயிட்டேன்? சாம்பார் வைக்கக் கத்துக்கிட்டேன். சும்னே குழப்பிக்காதீங்க."

அவள் சிரிக்க முயன்றாள். மகளைச் சாக்குச் சொல்வது சுலபமாக இருந்தது. வீட்டிலும் அதைத்தான் சொல்லிப் பார்த்தாள். "என்னை விட்டுட்டுப் போகப் பயமா இருக்குன்னு நேரா சொல்லேன்" என்று நோயல் கேலி செய்தான்.

"அவங்க கேக்கறது ஒண்ணே ஒண்ணுதான்" என்றார் குணசேகர். "இந்தக் குப்பியில இருக்கறத மோந்து பாத்து, நாலு வரி உங்க கைப்பட எழுதி அனுப்பணும். பதிமூணு வருஷம் பீப்பாயில கெடந்ததாம். உங்களுக்கு ரெண்டு நிமிஷ வேலை."

ருசி அறைக்குப் போனார்கள். அங்கே பூ கூடாது, பவுடர் கூடாது. ஆயுத பூஜை அன்றுகூட ஊதுபத்தி கிடையாது. ஆறு வருடமாக எலிசபெத்திடம் வேலை பார்க்கும் தாரணி, நீலக் கண்ணாடி டம்ளர்களைத் துடைத்து வைத்துக் காத்திருந்தாள். நிறத்தைப் பார்த்து மனம் ஏமாறக் கூடாது என்பதற்காக நீலம்.

எலிசபெத் குப்பியைத் திறந்து இரண்டு டம்ளர்களில் ஊற்றினாள். அளந்து தண்ணீர் சேர்த்தாள்.

"தாரணி, நீ முதல்ல சொல்லு."

போன வருடம் எலிசபெத் கொண்டுவந்த வழக்கம் இது. பெரியவர்கள் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே திருப்பிச் சொல்வார்கள், அதனால் அனுபவம் குறைந்தவர்தான் முதலில் பேச வேண்டும் என்றாள். 'இதுக்கெல்லாம் பெரிய மனசு வேணும்' என்று குணசேகர் மீட்டிங்குக்கு மீட்டிங் சொல்லிக்கொண்டிருந்தார்.

தாரணி கண்ணை மூடிக்கொண்டாள். "புகை, மேடம். விறகுப் புகை இல்ல, ஈர மண்ணக் கொளுத்தின மாதிரி. அப்புறம் டிங்ச்சர். கடைசியில உப்பு... காஞ்ச கடல்பாசி."

"டிங்ச்சரா?" என்றார் குணசேகர். சர்க்கரை வந்ததிலிருந்து அவர் பீர்கூடத் தொடுவதில்லை. "இதுக்கா உலகமே அடிச்சுக்குது? அடுகோடியில எங்க தெரு கம்பவுண்டர் ஒரு பாட்டில் வச்சிருக்கானே."

தாரணி சிரித்துவிட்டு மறுபடியும் டம்ளரை முகத்தருகே கொண்டுபோனாள். "இன்னொண்ணு இருக்கு மேடம். நாக்கு நுனியில நிக்குது, பேர் வரல. நீங்க கண்டுபிடிச்சிருப்பீங்க."

எலிசபெத் தன் டம்ளரை எடுத்தாள். வழக்கத்தைவிட அதிக நேரம் வைத்திருந்தாள்.

"ம்" என்றாள்.

குணசேகர் பேனாவை நீட்டினார். "எழுதுங்கம்மா. சாயங்காலத்துக்குள்ள அனுப்பணும்."

தாரணி சொன்னதே தாராளமாகப் போதும். கொஞ்சம் அழகான ஆங்கிலம் சேர்த்தால் நாலு வரி ஆகிவிடும். ஈர மண், டிங்ச்சர், உப்பு. இதற்கு முன்னால் எத்தனையோ தாள்களில் அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறாள், ஒருவரும் ஒரு கேள்வி கேட்டதில்லை.

நிமிர்ந்தாள். தாரணி அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள், அந்த நாலாவது பெயருக்காக. சந்தேகத்தின் நிழல்கூட இல்லாத முகம். அதை மட்டும் எலிசபெத்தால் தாங்க முடியவில்லை.

பேனாவை மூடித் தாளோடு சேர்த்து அவள் பக்கம் நகர்த்தினாள்.

"தாரணி எழுதட்டும் சார். அவளே போகட்டும்."

"மேடம், நானா?"

"வெளையாடறீங்களா?" என்றார் குணசேகர். "பதினாறு வருஷம்மா. பொண்ணோட பரீட்சைக்காக இத விடுவாங்களா யாராவது?"

"விஜிக்காக இல்ல."

"வீட்டுக்காரர் ஏதாவது..."

"அவர் பெட்டியே வாங்கிட்டாரு."

"அப்புறம் என்னதாம்மா?"

எலிசபெத் நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்து நின்றாள்.

"போன வருஷம் ஜுரம் வந்ததுலேர்ந்து எனக்கு எந்த வாசனையும் தெரியல சார்."