பொறி பறக்கக் கூடாது

தீத்தடுப்பு அதிகாரியின் காக்கிச் சட்டை, நாடக உடுப்புக் கடையில் வாடகைக்கு எடுத்தது. தொப்பி கொஞ்சம் பெரிசு. அதிகாரியோ முழுப் பொய்.

ஆனால் கந்தகத்தைப் பற்றி அவர் சொல்வது மட்டும் நிஜம். வேதியியலில் மூன்று முறை கோட்டை விட்டவருக்கு, மூன்று முறையும் படித்த கந்தகப் பாடம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் வரும். படித்த படிப்பு வீண்போகலாமா? ஊர் ஊராகக் கந்தகக் கிடங்குகளுக்குச் 'சோதனை' போட வருவார். வெடிக்கும், எரியும் என்று ஆட்களை மிரட்டுவார். போன், வாட்ச், மோதிரம் எல்லாவற்றையும் ஒரு மரப்பெட்டியில் போடச் சொல்லி, ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, பெட்டியோடு நடையைக் கட்டுவார்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. கிடங்கில் கூரை முட்ட மூட்டைகள். தரையெல்லாம் மஞ்சள் தூள். மூன்று பேர் செப்புக் கம்பிச் சுருள்களையும் மோட்டார்களையும் லாரியில் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வழியில் கொட்டிக் கிடந்த கந்தகத்தை இரும்பு மண்வெட்டியால் ஒதுக்கினான். அவன் வாயில் சிகரெட்.

"நிறுத்துங்கய்யா! இங்க யாரு மேனேஜர்?"

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பித்தான் தெறிக்கிற அளவுக்கு இறுக்கமாகச் சட்டை போட்டிருந்தவர், பையில் தைத்திருந்த 'மேலாளர்' என்ற எழுத்தை ஒருமுறை குனிந்து பார்த்துவிட்டுக் கையைத் தூக்கினார்.

"நான்தான் சார்."

"கந்தகத்துல இரும்பு மண்வெட்டியா? உரசி ஒரு பொறி பறந்தா போதும், காத்துல பறக்கிற தூள் அப்படியே வெடிக்கும்யா! எரிஞ்சா நீலத் தீ. பகல்ல கண்ணுக்கே தெரியாது. பேன்ட்ல பிடிச்ச பிறகுதான் தெரியும். அந்தப் புகை உள்ள போச்சுன்னா, நுரையீரல் கந்தல்!"

சிகரெட்காரன் அதை அவசரமாக உள்ளங்கையிலேயே நசுக்கிவிட்டு, உஸ்ஸென்று ஊதிக்கொண்டான். "தண்ணி ஊத்தினா அணைஞ்சிடுமா சார்?"

"பூ மாதிரி தூவணும். குழாயால பீய்ச்சினா தூள் கிளம்பி, நீயும் கிளம்பிடுவ. இங்கேயே வேலை பார்த்துக்கிட்டு இதுகூடத் தெரியாதா?"

"புதுசு சார்."

"சரி, போன், வாட்ச், எல்லாத்தையும் பெட்டியில போடுங்க. அதுலயும் பொறி வரும்." இது மட்டும் பாடத்தில் இல்லாத அவருடைய சொந்தச் சரக்கு.

அப்போது மேனேஜரின் பையில் போன் அடித்தது. திரையில் 'வீட்டம்மா'. "காலையிலேர்ந்து இதே தொல்லை" என்று மேனேஜர் முறைத்துப் பார்த்துக் கட் பண்ணினார். மறுபடி அடித்தது. மறுபடியும் கட்.

"வீட்டம்மா போனையே கட் பண்றீரே! வீரன்தான்யா நீர்!"

மூன்று பேரும் பையைத் துழாவ, ஆறு போன்கள் பெட்டியில் விழுந்தன. வசதியான கிடங்கு என்று அதிகாரி மனசுக்குள் சீட்டியடித்தார்.

"சார், லாரி இன்ஜின்லயும் பொறி வருமே?" என்று மேனேஜர் பணிவாகக் கேட்டார்.

"வராதா பின்ன? முதல்ல அதை எடுங்கய்யா! மூணு பேரும் ஏறி, ஊர் எல்லை தாண்டிப் போய் நிறுத்துங்க!"

"எல்லை தாண்டியா சார்?"

"இன்னும் தள்ளிப் போனாலும் சந்தோஷம்!"

மூவரும் சல்யூட் அடித்தார்கள். லாரி பறந்தது. இப்படி ஒரு கீழ்ப்படிதலை அதிகாரி தன் தொழிலில் கண்டதே இல்லை.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பினார். மூட்டைகளுக்குப் பின்னாலிருந்து "ம்ம்... ம்ம்ம்..." என்று ஒரு சத்தம்.

எட்டிப் பார்த்தார். கைகால் கட்டி, வாயில் பிளாஸ்திரி ஒட்டி மூன்று பேர். நடுவில் இருந்தவர் உடம்பில் பனியன் மட்டும்.

பெட்டி கையில் கனத்தது. ஓடலாமென்று திரும்பினால், வாசலில் போலீஸ் ஜீப். முதலில் இறங்கியது ஓர் அம்மாள்.

"பார்த்தீங்களா சார்? கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல என் போனைக் கட் பண்ற தைரியம் எங்க வீட்டுக்காரருக்கு வந்ததே இல்ல. காலையில முதல் தடவை கட் ஆனப்பவே தெரிஞ்சுபோச்சு, போன் அவர் கையில இல்லன்னு!"

"சார், நான் அந்தக் கொள்ளைக்கூட்டத்து ஆள் இல்லைங்க!" என்று அதிகாரி அலறினார். "இதோ, இவர் எல்லாத்தையும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்தார்? இவரையே கேளுங்க!"

நியாயம்தானே என்று இன்ஸ்பெக்டர் பனியன்காரரின் வாய்ப் பிளாஸ்திரியைப் பிய்த்தார். நிஜ மேனேஜர் நன்றாக மூச்சு வாங்கிக்கொண்டார்.

"விடாதீங்க சார், இவன்தான் அவங்க தலைவன், அவனுங்க வார்த்தைக்கு வார்த்தை 'சார் சார்'னு நடுங்கினானுங்க, சரக்கோட லாரியை ஊர் எல்லை தாண்டி ஓட்டச் சொன்னதே இவன்தான்!"