பின் சீட்டின் அகலம்

பம்பாய் மாட்டுங்காவில் டாக்டர் அலமேலுவின் வீட்டு வாசலில், யுத்தம் முடிந்து வந்திறங்கிய இரண்டு புதுக் கார்கள் வெயிலில் மின்னுகின்றன. போட்டிக்கு நிற்கும் இங்கிலீஷ் காரின் தோல் வாசனையும் மெருகேற்றிய மரப்பலகையும், அமெரிக்கக் கார் விற்க வந்திருக்கும் சேதுராமனைக் கலக்குகின்றன. தன் வண்டியின் எட்டு சிலிண்டர் எஞ்சினைப் பற்றி அவன் பேசத் தொடங்குகிறான். டாக்டர் அதைக் கேட்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு இங்கிலீஷ் காரின் பின் சீட்டில் படுத்துப் பார்க்கிறார், முழங்கால் மடங்குகிறது. இறங்கி வந்து அமெரிக்கக் காரில் படுக்கிறார். குள்ளமான அவருக்குக் கால் முழுசாக நீள்கிறது. ஜன்னல் வழியே வாசல் மரத்தின் நிழல் புடவைமேல் அசைகிறது.

"போன வாரம் தாராவியில ஒரு பிரசவக் கேஸ்" என்கிறார், கூரையைப் பார்த்தபடி. "டாக்ஸியில ஆஸ்பத்திரி வரைக்கும் அவளால கால நீட்ட முடியல."

"பிழைச்சாளா, டாக்டர்?"

"குழந்தை பிழைச்சுது. இந்த வண்டியே இருக்கட்டும்."

விற்றுவிட்ட சந்தோஷம் சேதுராமனுக்கு வரவில்லை. அவர் எழுந்திருக்கும்வரை கதவைப் பிடித்தபடி நிற்கிறான்.