தாளத்தை விடாதே

அந்தப் பாட்டு வகுப்பில் பெற்றோர்தான் முதலில் பாட்டைக் கற்றுக்கொள்ள வேண்டும். வீட்டில் பிள்ளைக்குச் சொல்லித்தந்து, பிறகு இருவருமாக வந்து பாடிக் காட்ட வேண்டும். ஜெனிட்டாவுக்குச் சொல்லித்தந்த அம்மா, பாடிக் காட்டும் நாளுக்கு முன்பே இறந்துபோனாள். அம்மாவின் இடத்தில் இன்று அப்பா செல்வின் உட்கார்ந்திருந்தார். அவருக்குப் பாட்டு வராது.

ஜெனிட்டா தொடையில் தாளம் போட்டபடி தனியாகவே பாடினாள். இரண்டாவது வரி முடிந்ததும் பாட்டு நின்றது. கை மட்டும் நிற்கவில்லை. கழுத்தைத் திருப்பிக் கதவைப் பார்த்தாள்.

"மறந்துட்டியா மக்ளே?" என்று கேட்டார் டீச்சர்.

"இல்ல டீச்சர். இங்கதான் அம்மா பால எறக்கி வைக்கப் போவா. வர்றது வரைக்கும் தாளத்த விடாதன்னு சொல்லுவால்லா."

டீச்சர் அடுத்த வரியை எடுத்துக்கொடுக்க வாயைத் திறந்தார்.

"கொஞ்சம் பொறுங்க டீச்சர்" என்றார் செல்வின்.

அவள் இருந்தவரை தினமும் காலையில் பேப்பர் படித்துக்கொண்டே அடுத்த அறையிலிருந்து அவர் கேட்ட பாட்டு அது. வரிகள் ஒன்றும் மனதில் நிற்கவில்லை. பாட்டு நின்று, அடுப்படியில் பாத்திரம் இறங்கும் சத்தம் கேட்கும் அந்த இடம் மட்டும் தெரியும். அவரும் மகளோடு சேர்ந்து தொடையில் தட்டத் தொடங்கினார்.