அருமையான கடல்

“என் படகு கவுந்ததுக்குக் காரணம், இதோ நிக்கிறாளே, இவதான்!”

வலை பின்னும் கூடத்தில் ஊர்ப் பஞ்சாயத்துக்குக் கூடியிருந்த அத்தனை பேரும் மாலதியைத் திரும்பிப் பார்த்தார்கள். சிங்காரம் நீட்டிய விரலை இன்னும் மடக்கவில்லை.

தேவனாம்பட்டினத்தில் முதன்முதலாக அலைச்சறுக்குப் பலகையில் ஏறி நின்ற பெண் மாலதி. இப்போது ஊர்ச் சிறுமிகளுக்கும் சொல்லிக் கொடுக்கிறாள். சிங்காரத்துக்கு அது ஆரம்பத்திலிருந்தே ஆகவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை விடிகாலையில் அவர் படகு கரையோர அலையில் சிக்கிக் குப்புறக் கவிழ்ந்ததும், சேர்த்து வைத்திருந்த கோபமெல்லாம் பொங்கிவிட்டது. நல்லவேளை, மனுஷன் நீந்திக் கரையேறிவிட்டார். எஞ்சின்தான் வயிறு முட்டத் தண்ணீர் குடித்துவிட்டது.

“பொம்பளப் புள்ளைங்க கடல்ல குதியாட்டம் போட்டா அம்மன் பாத்துக்கிட்டு இருப்பாளா? எம் பொண்ண ரெண்டு மாசம் முன்னாடியே நிறுத்திட்டேன். இவ கொரலு எம் வீட்டு வாசப்படி ஏறக் கூடாதுன்னு கண்டிசனா சொல்லியிருக்கேன். எம் பொண்டாட்டியக் கேட்டுப் பாருங்க!”

பெண்கள் பக்கம் நின்றிருந்த தில்லையம்மாள் ஆமாம் என்று தலையாட்டினாள்.

ஊர்த்தலைவர் சாமிக்கண்ணு தொண்டையைக் கனைத்தார். “இந்தாம்மா மாலதி, தப்புன்னு சொல்லி ஊர் முன்னால விழுந்து கும்புடு. இனிமே பலகைய கடல்ல எறக்க மாட்டேன்னு சொல்லிடு. விட்டுடறோம்.”

அம்மா ராசம்மாள் மகளின் கையைப் பிடித்து இழுத்தாள். “கும்புட்டுட்டு வந்துடுடி. ஊரைப் பகைச்சிக்க முடியுமா?”

“எதுக்கும்மா கும்புடணும்? நான் என்னா தப்பு பண்ணேன்?”

கூடம் சலசலத்தது. அங்கே இப்படிப் பேசிய பெண் அதுவரை யாரும் இல்லை.

“பாத்தீங்களா வாய!” சிங்காரம் துள்ளினார்.

“மாமா, ஒண்ணு கேக்கறேன். சனிக்கிழம சாயந்தரமே கோயில் மைக்ல சொன்னாங்களே, கடல் கொந்தளிப்பா இருக்கும், யாரும் போவாதீங்கன்னு. ஊர்ல ஒரு படகும் எறங்கல. நீங்க மட்டும் ஏன் எறக்கினீங்க?”

“மைக்கு என்னிக்குடி போன்னு சொல்லியிருக்கு? தூறல் போட்டாக்கூட போவாதம்பான். இத்தினி வருசம் கடல் பாத்தவனுக்குத் தெரியாதா?”

“தெரிஞ்சுதானே எறக்கினீங்க? அப்போ நான் எப்படி மாமா பொறுப்பு?”

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். சாமிக்கண்ணு முறைத்ததும் சிரிப்பு அடங்கியது.

“பேச்ச வளக்காத. தெனம் சாயந்தரம் போன்ல கடல் ஜோசியம் வேற சொல்றியாமே?”

“ஜோசியம் இல்லைங்க தலைவரே. காத்து எந்தப் பக்கம், அலை எவ்ளோ ஒசரம்னு ஆப்ல போடுவாங்க. அதைப் பாத்து எங்க புள்ளைங்களுக்குப் பேசி அனுப்பறேன். அதுங்களுக்குப் போன் ஏது? அப்பா அம்மா நம்பருக்குத்தான் போவும். நின்னு போன புள்ளைங்க வீட்டு நம்பரக்கூட நான் அழிக்கல. என்னிக்காவது திரும்பி வருவாங்கன்னு ஒரு நப்பாசை.”

“பெரிய அலை வந்தா இவளுக்குக் கொண்டாட்டம்!” சிங்காரம் இடையில் புகுந்தார். “நம்ம அடுப்பு எரியாத நாளுதான் இவளுக்கு நல்ல நாளு. சனிக்கிழம என்னா சொன்னான்னு கேளுங்க, இவ யோக்கியத தெரியும்!”

மாலதிக்கு ரோஷம் வந்துவிட்டது. போனை எடுத்தாள்.

“எல்லாரும் கேளுங்க. இதுல ஒரு வார்த்த தப்பா இருந்தா, பலகைய இங்கேயே ரெண்டா ஒடச்சிப் போட்டுட்டுப் போறேன். தப்பு இல்லன்னா, நாளைக்குக் காலையில என்னை எவரும் தடுக்கக் கூடாது.”

“ஐயோ, வாயக் குடுத்து மாட்டிக்கிறாளே,” என்று ராசம்மாள் நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

தலைவர் முன்னால் இருந்த மைக் பக்கத்தில் போனைப் பிடித்துப் பதிவை அழுத்தினாள் மாலதி. அவள் குரலே கூடம் முழுக்கக் கேட்டது.

“புள்ளைங்களா, நாளைக்கு அருமையான கடல். விட்டுடாதீங்க. விடியறதுக்குள்ள கரைக்கு வந்துடுங்க...”

“பாத்தீங்களா! பாத்தீங்களா!” சிங்காரம் எம்பிக் குதித்தார். “அருமையான கடலாம்! இந்தப் பொய்யிலதான் எம் படகு போச்சு!”

“பொறுங்க மாமா, இன்னும் முடியல.”

“...அலை ஆளுயரத்துக்கு வரும். புதுசா கத்துக்கிறவங்க தண்ணியில கால் வைக்கக் கூடாது, கரையில நின்னு பாருங்க. இந்த அலையில படகு எறக்கினா கண்டிப்பா கவுத்துடும். உங்க அப்பாகிட்ட மறக்காம சொல்லிடுங்க. மைக்ல சொன்னா அவுங்க கேக்க மாட்டாங்க.”

அதோடு பதிவு முடிந்தது. சாமிக்கண்ணு துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

சிங்காரத்தின் முகம் வெளுத்துவிட்டது.

“இதெல்லாம் அப்புறமா சேத்திருக்கா! நான் கேட்டப்போ இந்தக் கடைசிப் பேச்சு இல்லவே இல்ல!”

“நீங்க எப்ப கேட்டீங்க?”

கேட்டது மாலதி இல்லை. இடுப்பில் கை வைத்தபடி முன்னால் வந்து நின்ற தில்லையம்மாள்.

சிங்காரம் அவளிடமே எரிந்து விழுந்தார். “எல்லாம் உன்னாலதான்டி! தெனமும் முழுசாத்தான் கேப்பேன். அன்னிக்குன்னு பாத்து நீ காப்பி எடுத்துக்கிட்டு வந்துட்ட, படக்குனு அமுத்திட்டேன்!”